கடுகு சிதறிய நுரையீரல்

கொச்சியின் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மூட்டைகள் ஏறி இறங்கும் நேரம். மிளகு, சுக்கு, ஏலம், மல்லி என்று பண்டகசாலைக்குப் பண்டகசாலை வாசம் மாறுகிறது. சுமட்டுத் தொழிலாளி ஒருவர் கடுகு மூட்டையைத் தலைக்கு ஏற்றுகிறார். சாக்கில் கொக்கி கிழித்த ஓர் ஓட்டை. நாலு எட்டு வைப்பதற்குள் சிமெண்டுத் தரை முழுக்கக் கடுகு. குவியலாக அல்ல, ஓரிடம் விடாமல், ஒரே அளவில், புள்ளி புள்ளியாக. அந்தத் தரையைப் படமெடுத்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றிப் பார்த்தால் எப்படி இருக்கும்? நெஞ்சக மருத்துவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும் ஓர் எக்ஸ்ரே படம் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

அந்தத் தெருவிலேயே இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஐம்பத்தைந்து வயது, சர்க்கரை நோய் உண்டு. மூன்று வாரமாகச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார். இருமல் பெரிதாக இல்லை. இன்னொருவர் இளைஞர். இரண்டு மாதமாக நடுராத்திரி இருமல், மூச்சு விடும்போது விசில் சத்தம், லேசான காய்ச்சல். இருவரின் எக்ஸ்ரேயிலும் நுரையீரல் முழுக்கக் கடுகு. இருவரின் சளியிலும் காசநோய்க் கிருமி இல்லை என்று முடிவு வருகிறது.

முதலாமவருக்கு இருப்பது காசநோயேதான். நான்கு மருந்துகளைச் சீக்கிரம் தொடங்காவிட்டால் உயிர் தங்காது. இரண்டாமவருக்குக் காசநோய் இல்லை. அவர் நுரையீரலைக் கலக்கிக்கொண்டிருப்பவை யானைக்கால் நோய்ப் புழுவின் குஞ்சுகள். மூன்று வார மாத்திரையில் தேறிவிடுவார்.

இந்த இருவரும் கற்பனை. அவர்கள் முன்வைக்கும் சிக்கல் கற்பனையல்ல. யானைக்கால் நோய் நெடுங்காலம் நிலைகொண்டிருந்த ஊர் கொச்சி. அந்தக் கால் வீக்கத்துக்கு ஐரோப்பியர்கள் ‘கொச்சிக் கால்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். காசநோயும் இந்தியா முழுக்க இருக்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். ஆக, ஒரே படம், இரண்டு நோய். நேரடிச் சோதனையோ இருவரிடமும் கைவிரிக்கிறது. அப்படியானால் மருத்துவர் எதைப் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வருகிறார்?

முதல் நோயின் பெயரிலேயே தானியம் இருக்கிறது. மருத்துவர்கள் அதை மிலியரி காசநோய் என்கிறார்கள். 1700-இல் ஜெனீவா மருத்துவர் ஜான் ஜேக்கப் மான்ஜே, இறந்தவரின் உறுப்புகளில் இறைந்து கிடந்த நுண்கட்டிகளைச் சிறுதானிய மணிகளோடு ஒப்பிட்டார். லத்தீனில் சிறுதானியத்துக்கு ‘மிலியம்’. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று. அதாவது கிருமி இன்னதென்று தெரிவதற்கு 182 ஆண்டுகள் முன்பே நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. கறாராகப் பார்த்தால் மிலியம் என்பது நம் பனிவரகு. தாவரவியலில் இன்றும் அதன் பெயர் பானிக்கம் மிலியேசியம்தான். ஆனாலும் சிறியதற்குத் தமிழில் நெடுங்காலமாக அளவுகோல் தினை என்பதால், தினைமணிக் காசநோய் என்று சொல்வது பொருந்தும். ஒவ்வொரு மணியும் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை. சமையலறைக் கடுகின் அளவு.

சாதாரணக் காசநோய் எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் இதுவும் தொடங்குகிறது. காற்றோடு உள்ளே போன கிருமி நுரையீரலில் ஒரு மூலையில் ஒட்டுகிறது. உடலின் காவல் அணுக்கள் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கி ஒரு குட்டிக் கோட்டை போல ஆகின்றன. மருத்துவத்தில் அதற்கு கிரானுலோமா என்று பெயர். இங்கே குறுமணி என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்களுக்குக் கதை அத்தோடு சரி. பூட்டிய பண்டகசாலையில் சரக்கு கிடப்பதைப்போல் கிருமி ஆயுள் முழுக்க உள்ளேயே கிடக்கும். அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது.

முதுமை, சர்க்கரை நோய், சத்துக்குறைவு, எச்.ஐ.வி., ஸ்டீராய்டு மருந்து என ஏதோ ஒன்று காவலைத் தளர்த்தும்போது கோட்டை இடிகிறது. எந்தப் பக்கம் இடிகிறது என்பதில்தான் இரண்டு வழிகள் பிரிகின்றன. மூச்சுக்குழாய்ப் பக்கம் இடிந்தால் கிருமி சளியில் வரும், இருமல் வரும், அடுத்தவருக்கும் தொற்றும். ஊருக்குத் தெரிந்த காசநோய் இது. ரத்தக்குழாய்ப் பக்கம் இடிந்தால் விஷயம் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் நோயியலாளர் கார்ல் வைகெர்ட், சடலங்களை அறுத்துப் பார்த்து, நாளச் சுவரைக் காசநோய்க் கட்டி அரித்திருப்பதைக் காட்டினார். அந்த அரிப்பின் வழியே கிருமிகள் ரத்தத்தில் கொட்டுகின்றன.

ரத்தத்தில் கொட்டினால் எவ்வளவு தூரம் போகும்? ஒரு வளர்ந்த மனிதரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. உடலில் இருப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் முழு ரத்தமும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடுகிறது. கடைத்தெருவில் கிழிந்த மூட்டை, வண்டியில் ஏறி ஊர் முழுக்கச் சுற்றினால் எப்படியோ அப்படி: நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, மூளையைப் போர்த்திய உறை, சிறுநீரகத்தின் தலைமேல் குல்லாய் போல அமர்ந்த அட்ரினல் சுரப்பி, கண்ணின் உட்சுவர். ரத்தம் அதிகமாகப் பாயும் இடமெல்லாம் விதை விழுகிறது. மணிகள் ஏன் ஒரே அளவில் இருக்கின்றன என்பதற்கும் இதில் விடை உண்டு. ஒரே நாளில் விதைத்த நாற்றங்காலில் நாற்று ஒரே உயரத்தில் நிற்கும். ஒரே சமயத்தில் விழுந்த கிருமியைச் சுற்றி எழும் குறுமணிகளும் அப்படியே.

சளிச் சோதனை ஏமாற்றுவது இங்கேதான். குறுமணிகள் நுரையீரலின் காற்றறைகளுக்கு இடையிலுள்ள சுவருக்குள் உட்கார்ந்திருக்கின்றன. சுவருக்குள் நீர் கசியும் வீட்டில் குழாயைத் திறந்து பார்த்து என்ன பயன்? கிருமி மூச்சுக்குழாய்க்குள் எட்டிப் பார்க்காதவரை சளியில் வராது. பல நோயாளிகளுக்குத் துப்புவதற்குச் சளியே இருப்பதில்லை. ‘சளியில் கிருமி இல்லை’ என்ற தாளை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பும் குடும்பங்களுக்கு யாராவது இதை விளக்கிச் சொல்ல வேண்டும்.

தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனையும் கைவிடக்கூடியது. பிரெஞ்சு மருத்துவர் சார்ல் மாண்டூ 1908-இல் வகுத்த முறை அது. காசநோய்க் கிருமியின் புரதத்தை முன்கையின் தோலுக்குள் துளி செலுத்தி, இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளப்பார்கள். அது கிருமியைத் தேடும் சோதனை அல்ல. கிருமியோடு பழகிய காவல் அணுக்கள் உண்டா என்று கேட்கும் சோதனை. ஊர் முழுக்கக் கலவரம் நடக்கும்போது காவல் நிலையத்துக்குப் போன் செய்தால் எடுக்க ஆள் இருக்காது. தினைமணிக் காசநோய் உடலைச் சூறையாடும்போது தோலில் பதில் சொல்ல ஆளில்லாமல் போவது வெகு சாதாரணம். நோய் கடுமையாக இருக்கும்போதுதான் சோதனை ‘ஒன்றுமில்லை’ என்கிறது.

சரி, எக்ஸ்ரே இருக்கிறதே என்றால், அதற்கும் பொறுமை வேண்டும். காய்ச்சல் தொடங்கிய முதல் சில வாரங்களில் படம் சுத்தமாக இருக்கலாம். காரணம் எளிது. ஒரு தனிக் குறுமணியை எக்ஸ்ரேயில் காண முடியாது. நுரையீரலின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒன்றன் நிழல்மேல் ஒன்றன் நிழல் விழுந்து கூடும்போதுதான் கண்ணுக்குத் தட்டுப்படுகிறது. கொசுவலையை ஒற்றை மடிப்பாகப் பிடித்தால் அந்தப் பக்கம் பளிச்சென்று தெரியும். எட்டாக மடித்தால் திரையாகிவிடும். மணிகள் போதிய அளவுக்கு வளர்ந்து, போதிய அளவுக்கு அடர்ந்த பிறகே படம் பேசும். சி.டி. ஸ்கேன் உடலைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்ப்பதால் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை. எக்ஸ்ரேக்கு முன்பே அது மணிகளைக் காட்டிக்கொடுக்கும். எனவே காய்ச்சல் நிற்காதவருக்கு முதல் வாரம் எடுத்த எக்ஸ்ரே நன்றாக இருந்தது என்பது மூன்றாம் வாரத்துக்குச் செல்லாது. திரும்ப எடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு சன்னல் இருக்கிறது. காசு அதிகம் ஆகாதது, கத்தி படாதது. அது கண்.

மனித உடலில் ரத்தக்குழாய்களைத் தோலை அறுக்காமல் நேரில் காணக்கூடிய சில இடங்களில் விழியின் உட்புறம் ஒன்று. விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்ற படலம் இருக்கிறது. ரத்தக்குழாய்களாலேயே நெய்த துணி போன்றது. விழிக்குருதிப் படலம் என்று சொல்லலாம். ரத்தத்தில் கிருமி மிதந்தால் இங்கே தங்காமல் போவது கடினம். ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை 1851-இல் உருவாக்கினார். நான்கே ஆண்டுகளில், 1855-இல், கண் மருத்துவர் எட்வர்ட் யேகர் அந்தக் கருவியால் காசநோய் மணிகளை உயிரோடிருக்கும் மனிதரின் கண்ணில் பார்த்துப் பதிவு செய்தார். எக்ஸ்ரே வருவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பு.

அந்தச் சோதனையை அருகில் நின்று பார்த்தால் அதிசயமாக ஒன்றும் தெரியாது. கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு, நோயாளியைக் கண்மூடி உட்கார வைக்கிறார்கள். அரை மணி நேரம் கழித்து விளக்கணைத்த அறையில் மருத்துவர் நெற்றி விளக்கோடு, கையில் ஒரு வில்லையோடு குனிகிறார். “மேலே பாருங்கள், கீழே பாருங்கள், இடப்பக்கம்...” ஆரஞ்சுச் சிவப்பான தளத்தில் நரம்பு நுழையும் வட்டம் ஒரு வெளிர் நாணயம் போலத் தெரியும். அதன் அக்கம்பக்கத்தில், அந்த நாணயத்தின் கால் பங்குக்கும் குறைவான அளவில், ஓரம் மங்கிய வெளிர் மஞ்சள் பொட்டுகள் சில. பார்வை மங்காததால் நோயாளிக்கு அவை இருப்பதே தெரியாது. காய்ச்சலும் கடுகுப் படமும் உள்ளவருக்கு இந்தப் பொட்டுகள் இருந்துவிட்டால், தினைமணிக் காசநோய் என்று மருத்துவர் ஏறக்குறைய உறுதியாகவே சொல்லிவிடலாம்.

எல்லாக் காசநோயாளிகளுக்கும் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் பலன் குறைவுதான். சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனையின் ஜோதிர்மய் பிஸ்வாஸும் எஸ்.எஸ்.பத்ரிநாத்தும் காசநோய் வெளிப்பட்டிருந்த 1,005 பேரின் கண்களைச் சோதித்தபோது நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கும் குறைவாகவே கண்ணில் பாதிப்பு இருந்தது. ஆனால் ரத்தம் வழியே பரவியதாகச் சந்தேகம் எழுந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. பத்து நிமிடச் சோதனை பல நாள் தேடலை மிச்சமாக்கக்கூடும். பொது மருத்துவரின் மேசையிலிருந்து கண் மருத்துவரின் அறைக்கு ஒரு சீட்டு எழுதுவது இன்னும் பழக்கமாகாதது பெரிய குறை.

கிருமியைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமானால் அது ஒளிந்திருக்கும் இடத்துக்கே போக வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் குழலைச் செலுத்தி நீரூற்றி அலசி எடுப்பது, நுரையீரலிலோ கல்லீரலிலோ மஜ்ஜையிலோ ஊசியால் ஒரு துணுக்கு எடுப்பது, முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுப்பது. இவற்றில் கல்லீரல் துணுக்கு பெரும்பாலும் ஏமாற்றாது. ஆனால் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. எடுத்ததை வளர்த்துப் பார்ப்பதுதான் பழைய, நம்பகமான வழி. பிரச்சினை நேரம். உறை ஊற்றிய பால் விடிவதற்குள் தயிராகிவிடுகிறது. காசநோய்க் கிருமியோ ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். வளர்ப்புச் சோதனையின் முடிவுக்குப் பல வாரம் ஆகும். அதற்குள் நோயாளி இருக்க வேண்டுமே! அந்த இடைவெளியை இப்போது மரபணுச் சோதனைகள் பெருமளவு நிரப்புகின்றன. ஜீன் எக்ஸ்பர்ட் என்ற கருவியை உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் பரிந்துரைத்தது. நம் நாட்டில் அது சிபிநாட் என்று அறியப்படுகிறது. இரண்டு மணி நேரத்தில் கிருமியின் மரபணு இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்று இரண்டையும் சொல்லிவிடும். இந்தியாவிலேயே உருவான ட்ரூநாட் கருவி மின்கலத்தில் இயங்குவதால் சிறிய மருத்துவமனைக்கும் வந்திருக்கிறது. இருந்தாலும் எந்த இயந்திரமும் கொடுத்த துளியில் இருப்பதைத்தான் படிக்கும். துளியில் கிருமி இல்லாவிட்டால் ‘இல்லை’ என்றே சொல்லும்.

இந்த நோய் மாறுவேடம் போடுவதில் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் உடையது என்பதற்கு எலினோர் ரூஸ்வெல்ட்டின் மரணம் ஒன்று போதும். அமெரிக்க அதிபரின் மனைவி, ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்துக்கு முன்நின்று உழைத்தவர். நியூயார்க்கின் சிறந்த மருத்துவர்கள் அவர் கூப்பிட்ட குரலுக்கு வந்தார்கள். 1960-இல் அவருக்கு ரத்த அணுக்கள் குறைவதைக் கண்டார்கள். மஜ்ஜை வேலை செய்யவில்லை, இது ரத்த நோய் என்று முடிவு கட்டினார்கள். 1962-இல் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் ஏறியது, உடல் இறங்கிக்கொண்டே போனது. மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்க்க வைத்திருந்த மாதிரியில், பல வாரம் கழித்து, அக்டோபர் கடைசியில் காசநோய்க் கிருமி முளைத்தது. நவம்பர் 7 அன்று, தம் 78-ஆம் வயதில், அவர் இறந்தார். உடலை ஆய்ந்தபோது காசநோய் பல உறுப்புகளில் பரவியிருந்தது. 1919-இல் நுரையீரல் உறையில் வந்துபோன நோயின் மிச்சம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உள்ளேயே பூட்டிக் கிடந்து, ஸ்டீராய்டு காவலைத் தளர்த்தியதும் வெளியே வந்திருக்கலாம் என்பது பின்னர் அவர் கோப்புகளைப் படித்தவர்களின் கருத்து.

மஜ்ஜையில் மணிகள் விழுந்தால் ரத்த நோய் போலத் தெரியும் என்பது இதன் முதல் பாடம். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேடம் உண்டு. அட்ரினலில் விழுந்தால் தலைசுற்றல், தாழ்ந்த ரத்த அழுத்தம், கறுத்துப்போகும் தோல். அட்ரினல் செயலிழக்கும் இந்த நோயை விவரித்த தாமஸ் அடிசன் 1855-லேயே காசநோயைக் காரணங்களில் ஒன்றாகக் கண்டிருந்தார். கல்லீரலில் விழுந்தால் மஞ்சள் காமாலை. நுரையீரலிலேயே ஒரேயடியாகக் கொட்டினால், ஓரிரு நாளில் மூச்சு முட்டி செயற்கைச் சுவாசம் தேவைப்படும் நிலை. கடும் நிமோனியா என்று நினைத்துச் சிகிச்சை அளிப்பார்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்து மனம் குழம்பிய முதியவரை ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுவதும் நடக்கிறது. முதியவர்களிடம் காய்ச்சல்கூட இல்லாமல், படத்திலும் தெரியாமல், வெறும் மெலிவாகவே ஒளிந்திருந்து, இறந்தபின் தெரியவந்தவை மருத்துவ இலக்கியத்தில் ஏராளம். மூளை உறையில் விழுந்தால் தலைவலி, வாந்தி, பிறகு நினைவிழப்பு. இந்த நோய் உறுதியானவர்களுக்கு முதுகுத் தண்டு நீரையும் பார்த்துவிடச் சொல்வது இதனால்தான்.

காவல் கோட்டையைக் கட்டிக்காப்பது எது என்பதும் ஒரு விபத்தின் வழியாகவே உறுதியானது. மூட்டுவாதத்துக்கு இன்ஃப்ளிக்சிமாப் என்ற புது மருந்து வந்தது, டி.என்.எஃப். என்ற ஒரே ஒரு வேதிச் செய்தியை மட்டும் அது தடுக்கும். 2001-இல் ஒரு மருத்துவக் குழு, அந்த மருந்து எடுத்தவர்களிடம் காசநோய் வந்ததாகப் பதிவான 70 பேரின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டது. அவர்களில் 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே நோய். 17 பேருக்கு உடல் முழுக்கப் பரவல். அந்த ஒரு செய்தி நின்றாலே கோட்டைச் சுவர் பிரிந்துவிடுகிறது என்பதற்கு மனிதரிடமிருந்தே கிடைத்த சான்று அது. இன்று இவ்வகை மருந்து தொடங்குமுன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று சோதிப்பது அதன் பலன்.

இனி மட்டாஞ்சேரியின் இரண்டாவது மனிதரிடம் வரலாம். அவர் கதையின் தொடக்கம் கொச்சியில் இல்லை. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவெங்கும் இருந்து காசநோயாளிகள் தேடிப்போன சானடோரியம் அது. அங்கே பணியாற்றிய டென்மார்க் மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோலர், காசநோய் என்று அனுப்பிவைக்கப்பட்ட சிலரிடம் ஒரு பொருத்தமின்மையைக் கவனித்தார். படத்தில் மணிமணியாக நிழல். சளியிலோ எத்தனை முறை பார்த்தாலும் கிருமி இல்லை. ரத்தத்தில் மட்டும் இயோசினோபில் என்ற வெள்ளணு எக்கச்சக்கம். அவரும் ஆர்.எம்.பார்ட்டனும் 1940-இல் இதைப் ‘போலிக் காசநோய்’ என்ற பொருளில் எழுதினார்கள். காசநோய் மருத்துவமனையின் தலைவர் ஒருவர், தம்மிடம் இருப்போரில் சிலருக்குக் காசநோயே இல்லை என்று எழுதியது பெரிய நேர்மை. மூன்று ஆண்டு கழித்து வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் இதற்கு வெப்பமண்டல இயோசினோபில் நோய் என்று பெயரிட்டார்.

புழுவின் மேல் சந்தேகம் மெல்லத்தான் திரும்பியது. சிங்கப்பூரில் மருத்துவர் டி.ஜே.தனராஜ் இந்த நோயாளிகளுக்கு யானைக்கால் மருந்தான டைஎதில்கார்பமசைனைக் கொடுத்துப் பார்த்தார், குணம் தெரிந்தது. மருந்துக்கு மசிந்தால் புழுவாக இருக்கலாம். ஆனால் புழு எங்கே? 1960-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வெப், ஜாப், கால்ட் மூவரும் நோயாளிகளின் திசுத் துணுக்குகளில் அதைக் காட்டினார்கள். நுரையீரலில், கல்லீரலில், நிணநீர்க் கணுவில், உடைந்து சிதைந்த நுண்புழுக்கள். அவற்றைச் சுற்றி இயோசினோபில்களின் கூட்டம். பின்னாளில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வி.கே.விஜயன் உள்ளிட்டோர் நுரையீரலை நீரூற்றி அலசி, அந்த அணுக்கள் உள்ளே எவ்வளவு கூடியிருக்கின்றன என்றும் கணக்கெடுத்தார்கள்.

இங்கே ஓர் ஒற்றுமை கண்ணில் படுகிறது. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் தோலடி ரத்தத்துக்கு வரும். கடிக்க வரும் கொசுவின் நேரத்துக்கு அவை பழகியிருக்கின்றன. ஆகவே ஃபைலேரியா எனப்படும் யானைக்கால் நோய்க்கான துறையின் ஊழியர்கள் இருட்டிய பிறகு வீடுவீடாக வந்து, விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவிக்கொண்டு போவார்கள். கொச்சியில் பழைய தலைமுறைக்கு இது நன்றாக நினைவிருக்கும். ஆனால் நம் இளைஞரின் விரலில் நள்ளிரவிலேயே குத்தினாலும் புழு இருக்காது. அவர் உடல் அதன்மேல் மிதமிஞ்சிய கோபத்தில் இருக்கிறது. நுண்புழுக்களை நுரையீரலிலேயே மடக்கி அழித்துவிடுகிறது. காசநோய்க் கிருமி சளிக்கு வராததுபோலவே புழு ரத்தத்துக்கு வரவில்லை.

அவரைக் காட்டிக்கொடுப்பது வேறு. சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-ஐத் தாண்டாத இயோசினோபில், அவரிடம் 3,000-ஐத் தாண்டி நிற்கும். எந்தச் சிற்றூர் ஆய்வகத்திலும் செய்யக்கூடிய எண்ணிக்கை இது. புழுவுக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் கூடியிருக்கும். ராத்திரி இருமல், விசில் சத்தம், யானைக்கால் நோய் உள்ள ஊரில் வாழ்ந்த வரலாறு. கடைசியாக, மூன்று வார மாத்திரையில் நோய் பணிவது. மாறாக, ஐம்பத்தைந்து வயதுக்காரரின் ரத்தத்தில் இயோசினோபில் ஏறியிருக்காது. ரத்தசோகை இருக்கும், சில சமயம் எல்லா அணுக்களும் குறைந்திருக்கும். படம் சொல்லாததை ரத்தமும் கண்ணும் ஊரும் சேர்ந்து சொல்கின்றன. இதே கடுகுப் படத்தைக் கல்தூள் சுவாசித்தோரின் நுரையீரலும், தைராய்டு புற்று பரவிய நுரையீரலும், சார்காய்டு நோயும், சில பூஞ்சைத் தொற்றுகளும் காட்டக்கூடும். அவற்றையும் மருத்துவர் மனதில் வரிசையாக வைத்துக் கழிக்க வேண்டும்.

தவறு இருபக்கமும் நடக்கலாம். இல்லாத காசநோயை இருப்பதாகக் கொள்வதும் உண்டு. கணிதமேதை ராமானுஜனை இங்கிலாந்தில் காசநோய்க்காரராகவே நடத்தினார்கள். பின்னாளில் தாம்பரம் சானடோரியத்தை நிறுவிய சௌரி முத்து நடத்திய மெண்டிப் ஹில்ஸ் விடுதியிலும் அவர் இருந்தார். 1994-இல் டி.ஏ.பி.யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அவரைக் கொன்றது கல்லீரலில் குடிகொண்ட அமீபாவாக இருக்கலாம் என்றார். அப்படியானால் அக்காலத்திலேயே அதற்கு மருந்து உண்டு.

சாதாரணக் காய்ச்சல் சிகிச்சையே உண்மையை மறைத்துவிடுவதும் உண்டு. டைபாய்டு என்றோ நிமோனியா என்றோ நினைத்துக் கொடுக்கும் லீவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். நோயாளிக்குச் சில நாள் தேறினாற்போல் இருக்கும். சளிச் சோதனை இன்னும் மங்கும். பிறகு நோய் திரும்ப எழும். ஸ்டீராய்டும் அப்படியே: காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், உள்ளே கிருமி பெருகும். மூளை உறைக் காசநோயில் ஸ்டீராய்டு உயிர் காக்கும் என்பது உண்மை. ஆனால் காசநோய் மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தால் மட்டுமே.

ஆகவேதான் தினைமணிக் காசநோய் என்ற சந்தேகம் வலுத்துவிட்டால், மாதிரிகளை எடுத்து அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவது மருத்துவ நடைமுறை. சிகிச்சையின்றி விட்டால் ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோகும் நோய் இது. மொத்தக் காசநோயில் இதன் பங்கு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே என்று தில்லி எய்ம்ஸின் சுரேந்திர கே.சர்மாவும் திருப்பதியின் அல்லாடி மோகனும் 2005-இல் எழுதிய விரிவான மீளாய்வு கூறுகிறது. அரிது என்பதால்தான் மருத்துவரின் நினைவில் இது கடைசியில் வருகிறது. மருந்து பழையதே: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்புட்டால். முதல் இரண்டு மாதம் நான்கும், பிறகு குறைத்தும், மொத்தம் ஆறு மாதம். மூளை உறையில் பரவியிருந்தால் இன்னும் அதிகம். சளியில் கிருமி வராத நிலையில் இந்நோயாளியிடமிருந்து பிறருக்குத் தொற்றுவது குறைவு. பாத்திரத்தைத் தனியே வைக்க வேண்டியதில்லை. வீட்டில் உள்ளோரைப் பரிசோதிப்பது மட்டும் அவசியம்.

குழந்தைகளுக்குப் பிறந்த உடன் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி இந்த இடத்தில்தான் தன் பங்கைச் செய்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி ஏறக்குறைய 2,60,000 பேரிடம் நடந்த பெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று காட்டி உலகையே அதிர வைத்தது. அதைக் கேட்ட பலர் ஊசியே வீண் என்று எண்ணிவிட்டார்கள். அது சரியல்ல. குழந்தைகளிடம் கிருமி ரத்தத்தில் இறங்கி மூளை உறைக்கும் உடல் முழுக்கவும் பரவுவதை அந்த ஊசி நன்றாகத் தடுக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. பிறந்த குழந்தையின் இடது தோளில் வரும் அந்தச் சிறு தழும்பு தினைமணிக் காசநோய்க்கு எதிராகப் போட்ட ஊசியின் அடையாளம்.

மலையாளத்தில் காய்ச்சலுக்குப் ‘பனி’ என்று பெயர். மட்டாஞ்சேரியில் வேலை பார்க்கும் தமிழர்களும் “ரெண்டு வாரமா பனி” என்று சொல்லப் பழகியிருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, இரவில் வியர்வை என்று இருந்தால், சளிச் சோதனை ‘இல்லை’ என்று வந்த பிறகும் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: எக்ஸ்ரேயை மறுபடி எடுக்க வேண்டுமா, இயோசினோபில் எண்ணிக்கை என்ன, கண்ணைப் பார்க்க வேண்டுமா? சர்க்கரை நோயோ, வீட்டில் முன்பு காசநோயோ இருந்திருந்தால் அதைச் சொல்ல மறக்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் காசநோய்ச் சோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சையில் உள்ளவருக்குச் சத்துணவுக்காக 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. கட்டணமில்லா உதவி எண் 1800-11-6666.